வரைபடத்தில் மவுஸ் சக்கரம் படுத்தும் பாடு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மவுஸ் சக்கரத்துக்கு இணையத்தில் இரண்டு வேலை. சாதாரணப் பக்கத்தில் அது பக்கத்தை மேலும் கீழும் நகர்த்துகிறது. வரைபடத்தின் மேல் கர்சர் இருந்தால் ஜூம் செய்கிறது. 1996-இல் மைக்ரோசாப்ட் இன்டெல்லிமவுஸ் வந்தபோது சக்கரத்தின் முக்கிய வேலை ஆவணத்தை உருட்டுவதுதான். 2005-இல் கூகுள் மேப்ஸ் வந்து இணைய வரைபடங்கள் எல்லோருக்கும் பழகிய பிறகு, அதே சக்கரத்தின் தலையில் ஜூம் வேலையும் ஏறியது. இப்போது ஒரே பக்கத்தில் மேலே கட்டுரை, நடுவில் வரைபடம், கீழே தொலைபேசி எண் என்று இருந்தால், விரல் ஒரே மாதிரிதான் உருட்டுகிறது. என்ன நடக்கும் என்பதைக் கர்சர் நிற்கும் இடம் முடிவு செய்கிறது.

எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு சோதனைகள் செய்துவிடுங்கள். முதலில், கர்சரை வரைபடத்துக்கு வெளியே, வெறும் எழுத்துள்ள இடத்தில் வைத்து உருட்டுங்கள். பக்கம் ஒழுங்காக நகர்ந்தால் மவுஸும் கணினியும் பெரும்பாலும் நலம். அங்கேயே தடுமாறினால், 'முன்னே போய்ப் பின்னே குதிக்கிறது' என்ற பகுதிக்கு நேராகப் போங்கள். அடுத்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளம் போல முழுத்திரையில் வரும் வேறொரு வரைபடத்தைத் திறந்து உருட்டிப் பாருங்கள். அங்கே சரியாக இருந்து, தகராறு செய்த தளத்தில் மட்டும் சிக்கல் என்றால் குற்றம் அந்தத் தளத்தினுடையது. அப்படிப்பட்ட நிலையில் உங்கள் கணினி அமைப்புகளை நோண்ட வேண்டாம். நன்றாக இருக்கும் மற்ற பத்துத் தளங்களும் கெட்டுப்போகும்.

சக்கரத்தை உருட்டும்போது விரலில் 'டக் டக்' என்று ஒரு தடங்கல் படுகிறதே, அந்த ஒவ்வொன்றையும் கீழே 'ஒரு டக்' என்றே குறிப்பிடுகிறேன்.

## பக்கம் பாதியில் நின்றுவிடுகிறது, வரைபடம் சுருங்கிவிடுகிறது

அதிகம் பேரைக் கடுப்பேற்றும் சிக்கல் இதுதான். ஒரு திருமண மண்டபத்தின் தளத்தைப் படித்துக்கொண்டே கீழே போகிறீர்கள். கர்சர் திரையின் நடுவில் அசையாமல் இருக்கிறது. பக்கம் மேலே நகர நகர, வரைபடம் தானாகக் கர்சருக்கு அடியில் வந்துவிடுகிறது. அந்த நொடியிலிருந்து உங்கள் உருட்டல் பக்கத்துக்குப் போகாது, வரைபடத்துக்குப் போகும். கீழ்நோக்கி உருட்டினால் ஜூம் குறையும் என்பது வழக்கம். ஐந்து டக் உருட்டுவதற்குள் மண்டபம் இருந்த தெரு காணாமல் போய் மாவட்டமே தெரியும். நீங்கள் தேடிப் போனதோ அதற்கும் கீழே இருந்த தொலைபேசி எண்.

தப்பிக்க எளிய வழி, படிக்கும்போது கர்சரை இடது அல்லது வலது ஓரத்து வெற்றிடத்தில் வைத்துக்கொள்வது. வரைபடம் பக்கத்தின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டிருந்தால் ஓரம் கிடைக்காது. அப்போது வலப்பக்கத்து ஸ்க்ரோல் பட்டையைப் பிடித்து இழுங்கள், அல்லது ஸ்பேஸ் கீ, பேஜ் டவுன் கீ இரண்டில் ஒன்றைத் தட்டுங்கள். ஆனால் அதற்கு முன் வரைபடத்தைக் க்ளிக் செய்திருக்கக் கூடாது. செய்திருந்தால் கீபோர்டும் வரைபடத்தின் கைக்குப் போயிருக்கும். அம்புக்குறி கீகள் பக்கத்துக்குப் பதிலாக வரைபடத்தை நகர்த்தும். வெளியே எழுத்தின் மேல் ஒரு க்ளிக் செய்தால் கீபோர்டு திரும்பக் கிடைக்கும்.

தொலைந்த இடத்தை மீட்க ஒவ்வொரு டக்காகப் பின்னோக்கி உருட்டிக் கொண்டிருக்க வேண்டாம். பக்கத்தை மறுபடி ஏற்றினால் வரைபடம் தன் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

மேக் டச்பேட், மேஜிக் மவுஸ், தடையில்லாமல் சுழலும் சக்கரம் உள்ள மவுஸ் ஆகியவற்றில் இது இன்னும் மோசம். விரலை எடுத்த பிறகும் உருட்டல் சற்று நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். வரைபடம் கண்ணில் பட்டதும் டச்பேடில் விரலை மெல்ல வையுங்கள். ஓட்டம் அங்கேயே நிற்கும்.

## 'கண்ட்ரோல் அழுத்திக்கொண்டு உருட்டவும்' என்று வரைபடம் மறைக்கிறது

இது பழுது அல்ல. மேலே சொன்ன சிக்கலுக்குத் தளக்காரர்கள் போட்ட பூட்டு. வரைபடம் மங்கி, கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி உருட்டச் சொல்லும். மேக் கணினியில் கமாண்ட் கீ. கைபேசியில் இரண்டு விரல்களால் நகர்த்தச் சொல்லும். கட்டுரைக்கு நடுவில் வரும் வரைபடத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. உருட்டினால் பக்கம் தடையில்லாமல் போகும். ஜூம் வேண்டுமென்று ஒருவர் நினைத்தால் மட்டும் ஜூம் நடக்கும்.

கண்ட்ரோல் அழுத்தப் பிடிக்கவில்லையா? வரைபடத்தின் மூலையில் உள்ள + பொத்தான், இரட்டைக் க்ளிக் இரண்டும் எப்போதும் போல வேலை செய்யும். விண்டோஸ் லேப்டாப்பில் டச்பேடின் மேல் இரண்டு விரல்களை விரித்தாலே பல தளங்களில் போதும். காரணம், டச்பேடில் விரல்களை விரிப்பதையும் குவிப்பதையும் பிரவுசர் 'கண்ட்ரோல் அழுத்திய உருட்டல்' என்றுதான் தளத்துக்குத் தெரிவிக்கிறது. நீங்கள் கீயைத் தொடவே இல்லை, ஆனால் தளத்துக்குத் தொட்டது போலவே தெரியும்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு பக்கவிளைவுகள் உண்டு. ஒன்று, கண்ட்ரோலோடு உருட்டும்போது கர்சர் வரைபடத்தை விட்டுக் கொஞ்சம் விலகியிருந்தால், பிரவுசர் முழுப் பக்கத்தையும் பெரிதாக்கிவிடும். எழுத்தெல்லாம் ஊதிப்போய் நிற்கும். கண்ட்ரோலும் 0-வும் சேர்த்து அழுத்தினால் பழைய அளவு வரும். இதைச் செய்யாமல் பக்கத்தை மூடிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டும் அந்தத் தளத்துக்கான அளவை நினைவில் வைத்துக்கொள்ளும், அடுத்த முறை போகும்போதும் எழுத்து பெரிதாகவே வரும். ஃபயர்பாக்ஸில் இந்தத் தொல்லையை நிரந்தரமாக நிறுத்தலாம். முகவரிப் பட்டையில் about:config என்று தட்டித் திறக்கும் 'அபவுட்:கான்ஃபிக்' பக்கத்தில் 'மவுஸ்வீல்.வித்_கண்ட்ரோல்.ஆக்‌ஷன்' (mousewheel.with_control.action) என்ற வரியில் 3 என்று இருப்பதை 1 ஆக்கினால், கண்ட்ரோலோடு உருட்டினாலும் பக்கம் பெரிதாகாது, நகர மட்டும் செய்யும்.

இரண்டாவது, கண்ட்ரோல் அழுத்தியபடி உருட்டுவதற்குப் பதில் இழுத்துவிட்டால், மேப்பாக்ஸ், மேப்லிப்ரே போன்ற வரைபடக் கருவிகளில் செய்த வரைபடம் சாய்ந்து திரும்பிக்கொள்ளும். வடக்கு எங்கே என்று தேட வேண்டாம். மூலையில் உள்ள திசைகாட்டிச் சின்னத்தை ஒரு க்ளிக் செய்தால் வடக்கு மறுபடி மேலே வந்துவிடும்.

## ஒரு டக் உருட்டினால் ஊரே தாண்டிப் போகிறது

இதற்கு ஜூம் கணக்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலான இணைய வரைபடங்களில் 0-ஆம் நிலையில் உலகம் முழுவதும் 256 பிக்சல் சதுரம் ஒன்றில் அடங்கும். ஒவ்வொரு நிலை ஏறும்போதும் நீளமும் அகலமும் இரண்டு மடங்காகும். 7-ஆம் நிலையில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர், தமிழ்நாடு முழுவதும் லேப்டாப் திரையில் அடங்கும். 17-ஆம் நிலையில் ஒரு பிக்சல் 1.2 மீட்டர், தெருவில் ஒவ்வொரு கட்டடமும் தெரியும். மாநிலத்துக்கும் தெருவுக்கும் இடையில் வெறும் பத்து நிலைகள், ஆனால் 1,024 மடங்கு வித்தியாசம். ஒரு டக் ஒரு நிலை என்று வைத்த தளத்தில் பத்தே டக்கில் இவ்வளவும் நடந்துவிடும்.

சாதாரண மவுஸில் இதைச் சமாளிக்கலாம். டச்பேடில்தான் கைமீறிப் போகிறது. மவுஸ் ஒரு டக்குக்கு ஒரே பெரிய அசைவாகச் செய்தி அனுப்பும். டச்பேட் அப்படியல்ல, நாலு பிக்சல், ஆறு பிக்சல் என்று பொடிப்பொடியாக, நொடிக்குப் பல முறை அனுப்பும். தளத்தின் நிரல் அசைவின் அளவைப் பார்க்காமல், வந்த செய்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலை என்று ஏற்றினால், விரல் ஒரு அங்குலம் நகர்வதற்குள் மாநிலத்திலிருந்து மாடிப்படிக்கு வந்துவிடுவீர்கள்.

பயனராக நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. தடையில்லாமல் சுழலும் சக்கரம் என்றால், அதற்குப் பின்னால் உள்ள பொத்தானை அழுத்தி டக் டக் முறைக்கு மாற்றுங்கள். விண்டோஸில் மவுஸ் செட்டிங்ஸுக்குள் ஒரு டக்குக்கு எத்தனை வரி நகர வேண்டும் என்று கேட்கும் இடம் இருக்கிறது. இயல்பாக 3. அதை 1 அல்லது 2 ஆக்கினால் அசைவின் அளவைப் பார்த்து ஜூம் செய்யும் வரைபடங்கள் சாந்தமாகும். ஆனால் மற்றப் பக்கங்களும் மெதுவாகத்தான் நகரும், அது தெரிந்தே மாற்றுங்கள். கூகுள் எர்த் ப்ரோ பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. அதன் ஆப்ஷன்ஸில் நேவிகேஷன் பகுதியிலேயே சக்கரத்தின் வேகத்துக்குத் தனிப் பட்டை இருக்கிறது.

எனக்குப் பிடித்த வழி சக்கரத்தையே விட்டுவிடுவது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்திலும், லீஃப்லெட், ஓப்பன்லேயர்ஸ், மேப்லிப்ரே ஆகியவற்றில் செய்த மற்ற வரைபடங்களிலும் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு, வேண்டிய பகுதியைச் சுற்றி ஒரு பெட்டி இழுங்கள். விட்டதும் அந்தப் பெட்டி திரை முழுவதும் விரியும். எத்தனை டக் என்று எண்ண வேண்டியதே இல்லை. கூகுள் மேப்ஸில் இந்த வசதி கிடையாது. அங்கே இரட்டைக் க்ளிக் உள்ளே போகும், வலது பொத்தானில் இரட்டைக் க்ளிக் வெளியே வரும்.

## ஜூம் செய்ததும் தேடிய இடம் திரையை விட்டே ஓடிவிடுகிறது

பெரும்பாலான வரைபடங்கள் திரையின் நடுவை அல்ல, கர்சர் நிற்கும் புள்ளியைப் பிடித்துக்கொண்டுதான் ஜூம் செய்கின்றன. மதுரை முழுவதும் தெரியும்போது கர்சரை வண்டியூர் தெப்பக்குளத்தின் மேல் வைத்து உருட்டுங்கள். குளம் அதே இடத்தில் நிற்கும், சுற்றியுள்ள ஊர்தான் விரிந்து வெளியே போகும். கர்சர் திரையின் ஓரத்தில் சும்மா கிடக்கும்போது உருட்டினால் ஓரம்தான் நிற்கும், குளம் வெளியே போய்விடும். ஆகவே முதலில் கர்சரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அப்புறம் உருட்டுங்கள். இதைப் பழகிவிட்டால் இழுத்து இழுத்துத் தேடும் வேலை பெருமளவு குறையும். வெளியே ஜூம் செய்யும்போதும் இதே விதிதான்.

## உள்ளே போகச் சொன்னால் வெளியே வருகிறது

சக்கரத்தை முன்னோக்கி, அதாவது உங்களிடமிருந்து தள்ளி உருட்டினால் வரைபடம் பெரிதாக வேண்டும். தலைகீழாக நடந்தால், கணினியில் ஸ்க்ரோல் திசை மாற்றி வைக்கப்பட்டிருக்கும். ஆப்பிள் 2011-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் லயனோடு 'நேச்சுரல் ஸ்க்ரோலிங்' முறையைக் கொண்டுவந்தது. விரல் போகும் திசையிலேயே பக்கம் போகும். டச்பேடுக்கு அது பொருத்தம்தான். ஆனால் மேக்கில் மவுஸுக்கும் டச்பேடுக்கும் அந்த அமைப்பு ஒன்றே. மவுஸுக்காக அணைத்தால் டச்பேடிலும் அணைந்துவிடும். இரண்டுக்கும் தனித்தனித் திசை வேண்டுமென்றால் ஸ்க்ரோல் ரிவர்ஸர் போன்ற சிறு செயலி ஒன்று தேவைப்படும். விண்டோஸில் டச்பேடுக்கான திசை தனியாகவே இருக்கிறது.

அலுவலகத்தில் ஆர்க்மேப் என்ற வரைபட மென்பொருளில் பழகியவர்களுக்கு இன்னொரு குழப்பம் வரும். அதில் முன்னோக்கி உருட்டினால் வெளியே போவதுதான் இயல்பு அமைப்பு. அதை மாற்ற ஆர்க்மேப்பின் ஆப்ஷன்ஸிலேயே இடம் இருக்கிறது. பிரவுசரைச் சந்தேகிக்க வேண்டாம்.

## வரைபடமும் ஜூம் ஆகிறது, பக்கமும் சேர்ந்து நகர்கிறது

பழைய தளங்களில் இதைப் பார்க்கலாம். சக்கரச் செய்தி வந்ததும் 'பக்கத்தை நகர்த்தாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று தளத்தின் நிரல் பிரவுசரிடம் சொல்வது வழக்கம். ஸ்க்ரோல் தாமதமாகாமல் இருப்பதற்காக, 2019-இல் வந்த குரோம் 73 முதல், பக்கம் முழுவதற்கும் பொதுவாகச் சக்கரத்தைக் கவனிக்கும் நிரல்கள் அப்படித் தடுத்தாலும் குரோம் கேட்பதில்லை. அதனால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. உங்கள் பக்கம் செய்ய ஒன்றுமில்லை. + - பொத்தான்களைப் பயன்படுத்திவிட்டுத் தளக்காரருக்குத் தெரிவியுங்கள். சக்கரத்துக்கான கவனிப்பை வரைபடப் பெட்டியின் மேலேயே வைத்து, 'பேசிவ்' என்பதை 'ஃபால்ஸ்' என்று வெளிப்படையாகக் கொடுத்தால் தீரும்.

## வேறு ஜன்னலில் தட்டச்சு செய்யும்போது பின்னால் இருக்கும் வரைபடம் ஜூம் ஆகிறது

விண்டோஸ் 10 முதல், கர்சர் எந்த ஜன்னலின் மேல் இருக்கிறதோ அதுவே உருளும், அது செயலில் இல்லாவிட்டாலும். மவுஸ் செட்டிங்ஸில் செயலில் இல்லாத ஜன்னலை உருட்டும் அந்தத் தேர்வை அணைத்துவிடலாம்.

## வேகமாக உருட்டினால் சாம்பல் நிறக் கட்டங்களாகத் தெரிகிறது

ஒவ்வொரு நிலைக்கும் புதுப் படத்துண்டுகள் இறங்க வேண்டும். நிறுத்தாமல் ஏழெட்டு நிலை தாண்டினால் இடையில் உள்ள நிலைகளுக்கும் பிரவுசர் கேட்டுக்கொண்டே போகும். இணைப்பு மெதுவாக இருந்தால் நெரிசல்தான். மூன்று டக்குக்கு ஒருமுறை கொஞ்சம் நிறுத்துங்கள், அல்லது தேடல் பெட்டியில் ஊர்ப் பெயரைத் தட்டி நேராகப் போய்விடுங்கள்.

## முன்னே போய்ப் பின்னே குதிக்கிறது

ஒரே திசையில்தான் உருட்டுகிறீர்கள். மூன்று டக் உள்ளே போகிறது, நடுவில் ஒரு டக் வெளியே வருகிறது. சாதாரணப் பக்கத்தில் இது சிறு நடுக்கமாகத்தான் தெரியும், பலர் கவனிப்பதில்லை. வரைபடத்தில் ஒரு டக் என்பது இரண்டு மடங்கு வித்தியாசம் என்பதால் உடனே கண்ணில் படுகிறது. இது தளத்தின் குற்றமல்ல, சக்கரத்தின் அச்சில் இருந்து சுழற்சியைப் படிக்கும் என்கோடர் என்ற பாகத்தின் கோளாறு. பல மவுஸ்களில் அது உலோகத் தொடுபுள்ளிகளால் ஆனது. தூசி சேர்ந்தாலும் புள்ளிகள் தேய்ந்தாலும் திசையைத் தவறாகப் படிக்கும்.

மவுஸின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கவிழ்த்துப் பிடித்து, சக்கரத்தின் இரண்டு பக்க இடுக்குகளிலும் அழுத்தக் காற்று அடியுங்கள். பிறகு சக்கரத்தை இரு திசையிலும் வேகமாகச் சுழற்றுங்கள். தூசிதான் காரணம் என்றால் சரியாகிவிடும். சில வாரங்களில் மறுபடி வந்தால் புள்ளிகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். என்கோடரை மட்டும் மாற்றிக்கொடுக்கும் மெக்கானிக் கிடைத்தால் சரி, இல்லையென்றால் புது மவுஸ்தான்.

## வரைபடம் உங்கள் தளத்தில் இருக்கிறது என்றால்

பூட்டும் திறவுகோலும் உங்கள் கையில். கூகுள் மேப்ஸ் ஏபிஐ பயன்படுத்தினால் 'ஜெஸ்ச்சர் ஹேண்ட்லிங்' என்பதற்கு 'கோஆப்பரேட்டிவ்' கொடுங்கள். கண்ட்ரோல் அறிவிப்பு தானாக வரும். மேப்லிப்ரேயில் 'கோஆப்பரேட்டிவ் ஜெஸ்ச்சர்ஸ்' என்பதை 'ட்ரூ' ஆக்குங்கள். அதில் முழுத்திரைக்குப் போனதும் பூட்டு தானாக விலகிவிடும். அந்த அறிவிப்பு வாசகத்தை நீங்களே எழுதிக்கொள்ளவும் முடியும். தமிழ்த் தளம் நடத்துகிறவர்கள் அதைத் தமிழில் எழுதிவையுங்கள். 'பெரிதாக்க, கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி உருட்டவும்' என்று ஒரு வரி போதும். ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஒருவர் வரைபடம் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பக்கத்தை மூடிவிடும் நிலை வராது.

லீஃப்லெட்டில் இந்தப் பூட்டு இயல்பாகக் கிடையாது. 'ஸ்க்ரோல் வீல் ஜூம்' என்பதை அணைத்துவைத்து, வரைபடத்தைக் க்ளிக் செய்ததும் திறந்து, கர்சர் வெளியே போனதும் மறுபடி அணையுங்கள். டச்பேடில் தாவுகிறது என்று புகார் வந்தால், பலரும் முதலில் போவது 'வீல் பிக்சல் பெர் ஜூம் லெவல்' என்ற அமைப்புக்கு. இயல்பான 60-ஐ 200 ஆக்குவார்கள், ஆனாலும் தாவல் குறையாது. காரணம் லீஃப்லெட்டின் கணக்கிலேயே இருக்கிறது. 60 என்று இருக்கும்போதே நாலு பிக்சல் அசைவு 0.05 நிலைக்கும் கீழேதான் வரும். ஆனால் கடைசியில் அதை 'ஜூம் ஸ்னாப்' அளவுக்கு மேல்நோக்கி முழுமையாக்குகிறது. ஜூம் ஸ்னாப் இயல்பாக 1. ஆகவே எவ்வளவு சின்ன அசைவும் குறைந்தது ஒரு முழு நிலை. மாற்ற வேண்டியது ஜூம் ஸ்னாப்தான். அதை 0.25 ஆக்குங்கள். கூடவே செய்திகளைச் சேர்த்துவைக்கும் 'வீல் டிபவுன்ஸ் டைம்' என்பதை 40 மில்லிநொடியிலிருந்து 100 வரை ஏற்றுங்கள். முழு எண் அல்லாத நிலைகளில் படத்துண்டுகள் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். தாவிக்கொண்டிருப்பதற்கு அது எவ்வளவோ தேவலை.

பழைய தளங்களில் வரைபடத்தின் மேல் 'பாயின்ட்டர் ஈவென்ட்ஸ் நன்' என்று போட்டு எல்லாவற்றையும் அடைத்துவைத்திருப்பார்கள். அதை எடுத்துவிடுங்கள். சக்கரத்தோடு சேர்த்து இழுப்பதையும், குறியீட்டைக் க்ளிக் செய்வதையும், கைபேசியில் தொடுவதையும் அது முடக்குகிறது. பேருந்து வழித்தடம், வெள்ள எச்சரிக்கை போல வரைபடமே முழுப் பக்கமாக இருக்கும் தளத்தில் மட்டும் சக்கரத்தைத் தாராளமாகத் திறந்துவிடலாம். அங்கே உருட்டுவதற்கு வேறு எதுவும் இல்லை.

மாற்றிய பிறகு டக் டக் மவுஸ் ஒன்று, லேப்டாப் டச்பேட் ஒன்று, கைபேசி ஒன்று என்று மூன்றிலும் பக்கத்தின் தலையிலிருந்து கடைசி வரி வரை ஒருமுறை உருட்டிப் பாருங்கள். எதிலாவது வரைபடத்தின் மேல் பக்கம் நின்றுபோனால் பூட்டு இன்னும் சரியாக விழவில்லை.